எல்லோருக்கும் தலைவலி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். நரைத்த கொண்டை, மைக் தேவைப்படாத குரல். எந்தப் பெண் வந்தாலும், "இன்னாம்மா, தலைவலியா? வா!" என்று ஊருக்கே கேட்க வரவேற்பார். இத்தனை பேருக்குத் தலைவலி வர, சூப்பர்வைசரான நான்தான் காரணமோ என்று எனக்குள் ஒரு பயம்.

ஒருநாள் போனில் படித்ததை அவரிடம் அளந்தேன். "சிஸ்டர், கருக்கலைப்புக்குத் தடை போட்ட பல நாட்டுலகூட அது கொறையலியாம். விசித்திரமா இல்ல?"

"இன்னா விசித்திரம் நைனா? தடை போட்டா ஒளிஞ்சுக்கினு போவாங்க. கூச்சமில்லாம கேட்டதும் கருத்தடை மாத்திரை, காப்பர்‑டி கெடைக்கிற எடத்துல, கலைக்கிற நெலமையே கம்மியாத்தான் வரும்."

நான் அடுத்த நாட்டுக்குத் தாவுவதற்குள் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி வாசலுக்கு வந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள்.

"இன்னாம்மா, தலைவலியா? வா!" என்று அவளை நிறுத்தியவர், என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "எதையோ கேக்க வந்துக்குது. உன் நாடுங்கள எல்லாம் தூக்கிக்கினு கெளம்பு நைனா."

அந்தத் தலைவலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இப்போது நிஜமாகவே தலை வலித்தாலும் வெளியே மெடிக்கலில்தான் மாத்திரை வாங்குகிறேன். அந்த வாசலில் இன்னொரு முறை தடையாக நிற்க எனக்குத் தைரியமில்லை.