கூடக்குறைய மூன்று மில்லிமீட்டர்

லேசர் ஸ்கேனரை முக்காலியில் ஏற்றிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்துவிட்டார் சர்வேயர். வண்டிக்குள் வெந்து வந்த கருவி வெளிக்காற்றுக்குப் பழகும்வரை அது சொல்வதை நம்பமாட்டார். "அதுவும் கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு," என்று இடுப்புவலிக்குக் கட்டிய பெல்ட்டை இறுக்கிக்கொள்வார். கனம் தூக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

ஐம்பதைத் தாண்டியவர். எந்தப் பதிலுக்கும் 'கூடக்குறைய' என்று ஒரு வாலை ஒட்டிவிடுவதால் ஆபீஸில் அதுவே பெயராகிவிட்டது. "என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாக்கூட, கூடக்குறையன்னுதான் சொல்வாரு," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மனைவி போட்டுக்கொடுப்பாள். அவரும் மறுப்பதில்லை.

ஆறேழு மாதமாக இந்தச் சந்துதான். விரிசல் விட்ட பழைய மாடிக் கட்டடம், சுவர் சாய்கிறதா என்று மாதாமாதம் அளக்கிறார். தள்ளி நின்று பார்க்க இடமில்லை. மூன்றாம் மாடியை அண்ணாந்தே அளக்கவேண்டும். கதிர் சரிவாகப் போய்ப் பளபளப்பான பெயிண்டில் வழுக்குகிறது. இந்தச் சுவரில் கருவியே மூன்று மில்லிமீட்டர் தவறலாம். இந்த மாதம் சுவர் நகர்ந்ததாக அது காட்டுவதும் அதே மூன்று. மறுபடி அளந்தார். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே எண் வந்தது.

போனில் கட்டடத்தின் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டார்.

"அப்போ சாயலைன்னு எழுதிருங்க."

"எழுத முடியாது சார்."

"சரி, சாயுதுன்னு எழுதுங்க."

"அதுவும் முடியாது சார்."

"இதைச் சொல்லவா இவ்ளோ பெரிய மெஷின்?"

இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது.

விரிசலைக் கண்ணாலாவது பார்ப்போமென்று மூன்றாம் மாடி ஏறினார். அங்கே குடியிருக்கும் ஒரு அம்மாவின் கணவர், ஆபரேஷன் ஆகி எழ முடியாமல் கிடக்கிறார். கட்டிலின் தலைமாடு அந்தச் சுவரை ஒட்டித்தான்.

"சாயுதா தம்பி? இவரை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"மூணு மில்லி காட்டுதுக்கா. சுவர்தான் நகர்ந்துச்சா, இல்ல மெஷினோட தப்பான்னு பிரிக்க முடியல."

"அப்போ இங்கயே இருக்கலாமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. பயமுறுத்தவும் வரவில்லை. வாயருகே வந்த 'கூடக்குறைய'வை விழுங்கிக்கொண்டார். பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார்.

"நீங்க கால்மாட்டைப் பிடிங்கக்கா."

தலைமாட்டுப் பக்கம் குனிந்தவர், கட்டில் எதிர்ச் சுவருக்குப் போய்ச் சேரும்வரை நிமிரவில்லை.