நாலாம் அடி

மயிலாப்பூரில் வாசலில் நின்று யார் தெலுங்கில் ராகமாக நாலு வார்த்தை சொன்னாலும், உள்ளேயிருந்து அரிசி வந்துவிடுகிறது. நெல்லூரிலிருந்து வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. இப்போது அந்த அரிசிக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு வக்கீல் வீட்டில் நான் தெலுங்கு வாத்தியார். அவர் மகள் பாட்டுக் கற்கிறாள். பாடுவதற்கு அர்த்தம் தெரியவேண்டும் என்று என்னை அமர்த்தினார்கள். எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்குத் தொடங்குவதுபோலவே, பழைய நீதி சதகம் ஒன்றிலிருந்து நாளுக்கு ஒரு பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பாட்டும் நாலு அடி. நாலாம் அடி மட்டும் நூறு பாட்டுக்கும் ஒன்றேதான். பேச ஆரம்பித்த குழந்தைக்கும் அது தெரியும். ஊரில் தப்புச் செய்தவனை நாங்கள் திட்டுவதில்லை. தப்புக்கு ஏற்ற பாட்டை மூன்று அடி சொல்லி நிறுத்துவோம். அவன் நாலாம் அடியைச் சொல்லிவிட்டால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் யார் தொடங்கினாரோ அவரிடம்தான் முடிக்கவேண்டும்.

என் தம்பி வெங்கய்யாவும் என்னோடுதான் வந்திருந்தான். மாம்பலம் ஏரியைத் தூர்த்த இடத்தில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். அங்கே சுண்ணாம்புக் கலவை சுமந்தான். நானோ, எங்கள் குடும்பமே வாத்தியார் குடும்பம் என்று அளந்துவிட்டு வக்கீல் வீட்டில் நுழைந்தவன்.

ஒரு நாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. நான் குடையை மறந்துவிட்டேன் என்று, வேலைக்குப் போகிற வழியில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான். முழங்கால்வரை வெள்ளைச் சேறு. வராந்தாவில் கட்சிக்காரர்களோடு இருந்த வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வாத்தியாரே அது, உம்ம மனுஷாளா?"

"இல்லை சார். எங்க ஊர்க்காரன், தெரிஞ்சவன்."

வெங்கய்யாவுக்கு அதற்குள் தமிழ் நன்றாகவே புரியும். குடையைக் கேட்டில் மாட்டினான். பிறகு, வசதி வந்ததும் கூடப்பிறந்தவனை அறியாதவன்போல் இருப்பவனைப் பற்றிய பாட்டை எடுத்தான். மூன்று அடி. நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான். எனக்குத் தெரியாதா என்ன? நாலாம் அடியை விட்டுவிட்டுக் குடையை எடுக்கப் போனேன்.

உள்ளேயிருந்த வக்கீல் வீட்டு மாமிக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறது. கிண்ணத்தில் அரிசி கொண்டுவந்து, "பாவம், நன்னாப் பாடறான்" என்று நீட்டினாள். நான் தடுத்திருக்கலாம். அவன் துண்டை ஏந்தி வாங்கிக்கொண்டு மழையில் நடந்தான்.

அன்று சாயங்காலம் அந்த அரிசியைத்தான் பொங்கினான். நானும் சாப்பிட்டேன். நடுநடுவே என் முகத்தைப் பார்த்தான்; காத்திருக்கிறான் என்று தெரிந்தது. அண்ணன் என்கிற வீம்பு. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

எட்டாம் நாள் அவன் வேலை செய்த கட்டடத்தில் சாரம் சரிந்தது. தர்மாஸ்பத்திரிக்கு ஓடினேன். அவன் காதருகே குனிந்து நாலாம் அடியைச் சொன்னேன். கேட்கவில்லையோ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வார்டு ஆள் என் தோளைத் தொட்டான்.

"இன்னா நைனா, மந்திரம் சொல்லிக்கினு கீறே? அவுரு பூட்டாரு, ரொம்ப நாழியாச்சுபா."

இன்னும் அதே வீட்டுக்குத்தான் போகிறேன். வேறு பிழைப்புத் தெரியாது. அந்தப் பாட்டின் முறை வரும்போது மூன்று அடிக்கு மேல் எனக்கு ஓடுவதில்லை; அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தானாக முடித்துவிடுகிறாள். ஊருக்குப் போகவும் துணிவில்லை. அங்கே எல்லாருக்கும் நாலாம் அடி தெரியும்.

போன வாரம் வாசலில் ஒருவன் தெலுங்கில் பாடினான். மாமி கிண்ணத்தோடு வந்தாள்.

"வாத்தியாரே, உங்க ஊர்க்காரனா பாருங்கோ."

"என் கூடப்பிறந்த தம்பிம்மா" என்றேன்.

மாமி கண் கலங்கிவிட்டாள். "நீதி சொல்லிக்குடுக்கறவராச்சே, உங்களுக்கு மனசு அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொரு பிடி அரிசி சேர்த்துப் போட்டாள்.