டர்போ வண்டியும் ஏழு மணி மெஷினும்

எண்ணூர் ரோட்டின் மேல் லூயிஸுக்கு இருந்த கோபம் வேறு எதன் மேலும் இருந்ததில்லை. வீடு கத்திவாக்கத்தில், ஆஸ்பத்திரி ராயபுரத்தில். நடுவில் அந்த ரோடு. ஒரு பக்கம் கடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்ததைக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி அடைத்துக்கொண்டு நின்றன. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, அந்த மாதிரி லாரிகளின் முதுகில் பெட்டி ஏற்றியவர் லூயிஸ். இப்போது அவையே வழியை மறித்து நின்றால் மனுஷனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

வேண்டாம் என்று வீட்டில் இருக்கவும் முடியாது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்தில் மூன்று நாள் போயே ஆக வேண்டும். மனைவி ஜானட்டின் இரண்டு கிட்னியும் கைவிரித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் அவளுக்குக் காலை ஏழு மணி முறை. நாலு மணி நேரம் ஓட வேண்டும், பதினோரு மணிக்கு அடுத்த ஆள் வந்து நிற்பார். நாம் எட்டு மணிக்குப் போனால் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். ரோட்டில் லாரி நின்றது என்று சொன்னால் அடுத்த ஆளின் கிட்னி கேட்குமா? அப்படிக் குறைந்துபோன நாட்களில் ஜானட்டுக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். லூயிஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பார்.

2002இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய டர்போ டீசல் எஸ்டேட் கார். பின்பக்கம் நீண்டு, வேனுக்கும் காருக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக இருக்கும். "இன்னா லூயிஸு, பொண வண்டியா வாங்கிகினு வந்துட்ட?" என்று தெருவில் கேட்காத ஆள் பாக்கியில்லை. அவர் அதை வாங்கியது ஜானட்டுக்காக. நோயில் ஜானட்டின் எலும்பெல்லாம் பொடிந்துபோகிற நிலையில் இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பில் உயிர் போகும். இந்த வண்டியில் பின் ஸீட்டை மடக்கி மெத்தை போட்டால் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே வரலாம். ஆட்டோவில் அது நடக்குமா? வாரம் மூன்று தடவை ஆம்புலன்ஸ் வைக்கிற வசதியும் அவருக்கு இல்லை.

வண்டியில் ஒரே குறை, இழுவை இல்லை. லாரி வரிசையில் எப்போதாவது ஓர் இடைவெளி விழும். லூயிஸ் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். வண்டி யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் இன்னொரு லாரி அங்கே மூக்கை நுழைத்திருக்கும். ஏழு மணி ஏழே காலாகும், ஏழரையாகும்.

தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருந்த சௌக்கத் அலியிடம் கொண்டுபோய் விட்டார். சௌக்கத் அலி பானெட்டைத் திறந்து, டர்போவிலிருந்து வருகிற காற்றைக் குளிர வைக்கிற ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். கறுப்பாகக் கொட்டியது.

"இன்னா பாய் இது?"

"நிலக்கரி. நீ இருக்கிற ஏரியாவுல காத்தா கீது? எல்லாம் கரிதான். வண்டி மூச்சு வுட முடியாம கெடக்குதுண்ணே."

"புது டர்போ போடணுமா?"

"இன்னாத்துக்கு? இருக்கிறதயே எழுப்பி வுடலாம். செலவு கம்மி."

சொன்னபடியே எழுப்பினார். ரேடியேட்டரை டீசலில் ஊறவைத்துக் கழுவினார். வெடித்துக் காற்றை விட்டுக்கொண்டிருந்த ரப்பர் குழாயை எறிந்துவிட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய லாரிக் குழாயை வெட்டிப் பொருத்தினார். சைலன்ஸர் குழாயை ஒரு சுற்றுப் பெரிதாக வைத்தார். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற கம்பிக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்தார், டீசல் பம்பின் திருகை அரைச் சுற்று திருப்பினார். அவ்வளவுதான். வண்டிக் கிழவன் எழுந்து ஓட ஆரம்பித்தான்.

முதல் செவ்வாய்க்கிழமை ஆறே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். லூயிஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துறைமுகத்தை விட்டு வந்த நாளிலிருந்து தொங்கிக்கிடந்த முகம். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அப்பாவுவிடம்கூட நின்று கதை சொன்னார். "டோல்கேட்டாண்ட மிதிச்சேன் பாரு, நாலு டிரைலர் பின்னால போச்சு!" அப்பாவு கேட்டாரோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

மிதிக்கிறபோதெல்லாம் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது என்பது அடுத்து வந்த கவலை. சௌக்கத் அலி ஒரு வார்த்தையில் முடித்தார்: "பட்டை ஏத்திடலாம்." பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புப் பட்டை கூடுதலாக ஏறியது. லூயிஸுக்கு மறு யோசனையே இல்லை. வாழ்நாள் முழுக்க பாரம் ஏற்றியவர். பாரத்துக்குப் பட்டை என்றால் அது சரியாகத்தானே இருக்கும்? வண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

ஆறு மாதம் ஓடிப்போனது. ஒரு நாள்கூட ஏழு தாண்டவில்லை. ஆனாலும் லூயிஸ் களைத்துப் போயிருந்தார். நாலரைக்கு எழுந்திருப்பதும், கைத்தாங்கலாக ஏற்றுவதும், இறக்குவதும், மதியம் வரை வராண்டாவில் குந்தியிருப்பதும் ஓர் ஐம்பத்தேழு வயது உடம்பைச் சும்மா விடுமா? முன்பெல்லாம் ஜானட் படுத்தபடியே பேச்சுக் கொடுத்துக்கொண்டு வருவாள். யார் வீட்டில் கல்யாணம், எந்த வலையில் என்ன மீன் என்று. இப்போது அந்தப் பேச்சும் இல்லை. "எப்பிடி கீது?" என்று திரும்பாமலே கேட்பார். "நல்லா கீது, நீ போ" என்பாள். நோய் அவளைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மிதிப்பார்.

பின்பக்கத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. டக், டக் என்று. எங்கிருந்து வருகிறது என்று ஓட்டுகிற ஆளுக்குப் பிடிபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குப் போனார்.

"நான் ஓட்டறேன். நீ பின்னால படுத்துகினு காது குடுத்துக் கேளுண்ணே. எந்த சைடுன்னு தெரிஞ்சிடும்" என்றார் சௌக்கத் அலி.

லூயிஸ் பின்கதவைத் திறந்து ஜானட்டின் மெத்தையில் படுத்தார். வண்டி கிளம்பியது. திருவொற்றியூர் தாண்டியதும், கடல் அரித்த இடத்தில் ஜல்லி கொட்டி நிரவியிருந்த பகுதி வந்தது. முதல் பள்ளத்தில் அவர் மெத்தையை விட்டு எழும்பி, திரும்பி விழுந்தார். இடுப்பில் சுத்தியலால் ஒன்று போட்டது மாதிரி இருந்தது. சுதாரிப்பதற்குள் அடுத்தது. டன் கணக்கில் பாரம் இருந்தால்தான் அந்தப் பட்டை வளைந்து கொடுக்கும். ஆள் மட்டும் படுத்திருந்தால் கீழே கருங்கல்தான். ஜானட்டின் எடை முப்பத்தெட்டு கிலோ.

"இழுவய பாத்தியாண்ணே! இன்னா இழுவ!" என்று முன்னாலிருந்து கத்தினார் சௌக்கத் அலி. மிதித்தார். லூயிஸ் பின்கதவு வரை சறுக்கிப் போனார்.

பிடிப்புக்குக் கையை நீட்டினார். ஸீட் பெல்ட் மாட்டுகிற கொக்கியில் பழைய புடவைக் கிழிசல் ஒன்று முறுக்கிக் கட்டியிருந்தது. அவர் கட்டியதில்லை. கை பிடிக்கிற இடத்தில் நைந்து நூல்நூலாகியிருந்தது. அதன் நுனியில், வரிசையாகப் பல் தடம்.

சத்தம் எந்தப் பக்கம் என்று சௌக்கத் அலி கேட்டார். "நிறுத்து பாய்," என்றார் லூயிஸ். "நிறுத்திடு."

வீட்டுக்கு வந்து ஜானட்டின் கட்டில் பக்கத்தில் நின்றார். புடவைக் கிழிசல் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

"இன்னா இது? ஆறு மாசமா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல நீ?"

"சொன்னா நீ மெதுவா போவ."

"போவட்டுமே!"

"மெதுவா போனா மெஷின் டைம் போயிடும். டைம் போச்சுன்னா அன்னிக்கு நீ தூங்க மாட்ட. என் மூச்சயே பாத்துகினு பக்கத்துல குந்திகினு இருப்ப. அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியலய்யா. அதுக்கு இந்த வலி தேவல."

லூயிஸ் அழுதார். ஒளித்தெல்லாம் அழவில்லை, அவள் எதிரில், நின்றபடியே அழுதார். அவளுக்கு நல்லது என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மாட்டினோமே, அத்தனையும் அவள் இடுப்பில்தானே இறங்கியது என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. அன்று சாயங்காலமே ஷெட்டுக்குப் போய் இரண்டு பட்டையையும் கழற்றினார். பம்பின் திருகும் பழைய இடத்துக்கே போனது. சௌக்கத் அலி கூலி வாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை அரை மணி முன்னாடியே கிளம்பினார்கள். அப்படியும் லாரிகள் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றன. பள்ளத்துக்குப் பள்ளம் வண்டியை நிறுத்தி, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், அம்மாவையும் அக்காவையும் இழுத்தார்கள். காசிமேட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்தது. கால் தானாக ஆக்ஸிலேட்டருக்குப் போனது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது ஏழு நாற்பது. டயாலிசிஸ் வார்டு சிஸ்டர் கடிகாரத்தைக் காட்டினாள்.

"இன்னா லூயிஸ் அண்ணே, இவ்ளோ லேட்டு? ரோட்ல லாரியா?"

"லாரிலாம் இல்ல சிஸ்டர்," என்றார் லூயிஸ். "அவ தூங்கிகினு வந்தா."