சாவி என் கையில் இருந்தது

பேயிலும் பர்மியர் வணங்கும் நாட் தெய்வத்திலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. வண்டித் தரகர்களிடத்தில் அதனினும் குறைவு. கேட்டபின் நீங்கள் என்னை ஐயுறலாம். ஆயினும் கண்டதைக் கண்டவாறே உரைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவே, பர்மாவின் தலைநகரில், போட்டாதாங் பகுதியில் கடை வைத்திருந்த என் நண்பர் காதர், கடையை விற்று வாடகைக் கார் ஓட்டத் துணிந்தார். கைப்பொருள் அனைத்தும் அந்த ஒரு வண்டிக்கே. அது பழுதானால் குடும்பம் தெருவில். வண்டியைக் கொணர்ந்தவர் கோ மணி. மூவரும் ஒரே பள்ளியில் பயின்றவர்கள்தாம். எனினும் தரகர் தரகரே. லோகா ஏரிக்கரை நெடுகிலும் ஓட்டிப் பார்த்தபின் வாங்குவதென்று முடிவாயிற்று. காதர் ஏமாறாதிருக்கவே நான் உடன் சென்றேன்.

நகரெல்லைக்கு அப்பால், சாலையோரம் ஓர் ஆலமரம். வண்டிகளைக் காக்கும் நாட் அதில் உறைவதாக நம்பிப் பர்மியர் தாம் வாங்கும் வண்டியை அங்கே மும்முறை முன்னும் பின்னும் நகர்த்துவர். அதுவே வண்டி செய்யும் வணக்கம். கோ மணி வேகத்தைக் குறைத்தார்.

"நேரா போ மணி. இரும்பு யாரைப்பா கும்பிடும்?" என்றேன்.

"சயா, வாத்தியார் புத்திய இங்க காட்டாதீங்க. கும்பிடாம போனா நாட் கோவிச்சுக்கும்." பள்ளி ஆசிரியனான என்னை இருவரும் 'சயா' என்றே அழைப்பர்.

"கோவம் வந்தா என்கிட்ட வரச் சொல்லு."

காதர் சிரித்தார், கோ மணி சிரிக்கவில்லை; மரத்தடியில் நிறுத்தாமலே ஓட்டிச் சென்றார்.

எஞ்சினை முன்னரே சூடேற்றிக் குறையை மறைப்பது தரகர் வழக்கம். ஆகவே ஏரிக்கரையில் நிறுத்தச் சொல்லி, எஞ்சின் ஆறும்வரை சாவியை நானே வைத்துக்கொண்டேன். உச்சி வெயில். அவ்விருவரும் மரநிழலில் பாய் விரித்து, ஊறிய தேயிலையும் வறுத்த கடலையும் பிசைந்த லப்பெட்டை உண்ணலாயினர். நான் வண்டிக்கும் நீருக்கும் இடையே நின்று ஏரியை நோக்கியிருந்தேன்.

பின்னால் சரளைக்கல் நெரிந்தது. திரும்பினேன். வண்டி என்னை நோக்கி நகர்ந்து வந்தது, நின்றது, பின்வாங்கியது. நம்பினால் நம்புங்கள், மும்முறை. உள்ளே எவருமில்லை.

"யா அல்லாஹ்! சயா, வெலகுங்க!" என்று காதர் கூவினார்.

வண்டிக்கு அடியில் கயிறு கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. கைபிரேக் இழுத்தபடியே இருந்தது, நிலம் சமதளம். கோ மணியை நெருங்கினேன்.

"என்ன வித்தை இது?"

"சத்தியமா தெரியாது சயா." விரல்களில் ஒட்டியிருந்த தேயிலையை உதறிவிட்டு எழுந்தார். "காதர் பாய், எனக்குத் தரகே வேணாம். புடிச்சா எடுத்துக்குங்க. நான் பஸ்ல போறேன்."

என் ஐயம் அங்கேதான் திகைத்தது. தரகை விட்டுக்கொடுத்த தரகரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

காதர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு என்னிடமிருந்து சாவியை வாங்கித் திருகினார். ஆறிய எஞ்சின் முதல் திருகலிலேயே உயிர்பெற்றது. "கும்பிடுற வண்டி கடிக்காது சயா," என்றார். வாங்கினார். அவ்வண்டி பல்லாண்டு அவர் குடும்பத்துக்குச் சோறிட்டது. தானாக மீண்டும் நகர்ந்ததேயில்லை.

ஆனால் அன்று ஆலமரம் எங்களுக்குப் பின்புறம், வெகுதொலைவில் இருந்தது. வண்டியின் முன்னே நின்றவன் நான் ஒருவனே.

இன்றும் போட்டாதாங்கில் என்னைக் கண்டால் கோ மணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறார். கேலியோ என்று அவர் கண்களை உற்றுநோக்குவேன். அவர் பார்வை என் முகத்தில் படுவதில்லை. என் தோளுக்குப் பின்னால், சற்றே உயரத்தில், எதன்மீதோ நிலைத்திருக்கிறது.