தண்டவாளத்தின் மேல் ஒரு சாண்

பெல்மிரோ தவெய்ராவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாத ஆள் லிஸ்பனின் கிராசா மேட்டில் குறைவு. கற்றுக்கொண்டு திட்டு வாங்காத ஆள் கிடையவே கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஓட்டுநர் பள்ளி வாத்தியாராக இருந்தவர். அவர் பாடத்தில் வேகம் ஒரு பொருட்டில்லை, சாமர்த்தியம் ஒரு பொருட்டில்லை. வண்டியை நிறுத்தத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். சக்கரம் ஓரக்கல்லை விட்டு இரண்டு விரல் விலகினால் முகத்தைச் சுளிப்பார். இங்கே நிறுத்தாதே என்று போட்ட மஞ்சள் கோட்டைத் தொட்டால் அன்றைய பாடம் முடிந்தது, மாணவர் இறங்கி வீட்டுக்கு நடந்து போக வேண்டியதுதான். தன் வாழ்நாளில் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மனிதர்தான் இப்போது புதன்கிழமை தவறாமல் தன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து, டிராம் திரும்பும் வளைவில், பின்பக்கம் தண்டவாளத்தின் மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துகிறார். ஒரு சாண் போதும். அந்தத் தெருவில் டிராம் போகும்போது சுவருக்கும் அதற்கும் நடுவே நுழையப் பூனையே யோசிக்கும். நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஜெர்மானோவின் காபிக் கடை வாசலில் போய் நின்றுகொள்வார். தொப்பி கையில். கண் எதிர்வீட்டு மூன்றாம் மாடி ஜன்னலில்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நிற மர டிராம் முக்கி முனகி மேடேறி வரும். கிட்டத்தட்ட நூறு வயசான டிராம், ஆனால் மணிக்கு மட்டும் வயசாகவில்லை. ஓட்டுகிறவன் ஒராசியோ. அவனும் வாத்தியாரின் பழைய மாணவன், பின்னோக்கி எடுக்கும் பாடத்தில் அழவைக்கப்பட்டவன். காரைப் பார்த்ததும் பிரேக் போடுவான். காலடியில் இருக்கும் மணியை மிதிப்பான். காது கிழிய மிதிப்பான். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கும். கடைசியில் அந்த மூன்றாம் மாடி ஜன்னலும் திறக்கும்.

"யோவ் பெல்மிரோ! இந்த ஊர்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"கெடைக்கல லுசிண்டா."

"போய்த் தேடு! தேடுறதுலதான் நீ பெரிய ஆளாச்சே!"

ஜன்னல் படாரென்று மூடும். பெல்மிரோ தொப்பியை மாட்டிக்கொண்டு, காரில் ஏறி, ஒரே திருப்பில் அழகாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவருடைய இல்லறம் வாரத்துக்கு ஒருமுறை இவ்வளவுதான் நடந்தது. வாசல் மணியை அடித்தால் லுசிண்டா திறக்க மாட்டாள். போனை எடுக்க மாட்டாள். டிராம் மணிக்கு மட்டும்தான் அவள் ஜன்னலுக்கு வருவாள் என்பதை அவர் ஒருநாள் தற்செயலாகத் தெரிந்துகொண்டார். அன்று வேறு எவனோ காரைக் குறுக்கே விட்டுப் போயிருந்தான். அவள் அவனைத் திட்டினாள். பெல்மிரோவுக்குப் பொறாமையாக இருந்தது.

சங்கதி பழையது. பதினோரு வருடத்துக்கு முன் லுசிண்டாவின் அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உடனே வரச் சொல்லிப் போன் வந்தது. பெல்மிரோ மனைவியைக் காரில் கூட்டிப்போய் வாசலில் இறக்கிவிட்டார். "நீ போய்க்கிட்டே இரு, வண்டிய ஒழுங்கா ஒரு எடத்துல விட்டுட்டு வந்துடுறேன்" என்றார். விட்டுவிட்டு வந்தார். ஆனால் அதற்குள் பாதி லிஸ்பனைச் சுற்றியிருந்தார். மாடிக்கு வந்தபோது கிழவியின் முகத்தை மூடியிருந்தார்கள். லுசிண்டா தாழ்வாரத்தில், தாயின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். "எடம் கெடைக்கல" என்றார் பெல்மிரோ. அடக்கம் முடிந்த அன்று அவருடைய துணிமணி இரண்டு பைகளில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அன்றிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் தங்கை வீட்டில் இருக்கிறார். அங்கே கார் நிறுத்த இடம் தாராளம்.

புதன்கிழமைத் தகராறால் கெட்டது யார் என்று பார்த்தால், யாரும் அவ்வளவாகக் கெடவில்லை. ஜெர்மானோவுக்கு நாலு காபி கூட விற்றது. அந்த நேரத்து டிராமில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் வழிகாட்டி இவோனும் இதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பழைய லிஸ்பனை டிராமிலும் நடையிலுமாகக் காட்டுவது அவள் தொழில். கீழ்ச்சந்தையில் டிராம் ஏற்றி, கிராசா உச்சியில் இறக்கி, பழைய கோட்டை மதிலையும் துணி காயும் சந்துகளையும் காட்டியபடி ஆற்றங்கரைவரை நடத்திக் கூட்டிப்போவாள். வளைவில் டிராம் நின்றால் முன்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். இப்போது எழுந்து நின்று, சலனமே இல்லாத குரலில் சொல்வாள்:

"இடது பக்கம் நீல டைல்ஸ் பதிச்ச வீடு, பூகம்பத்துக்கு அப்புறம் கட்டினது. வலது பக்கம், அந்த வீட்டம்மாவோட புருஷன்."

எல்லோரும் டைல்ஸை விட்டுவிட்டுப் புருஷனைப் படம் எடுப்பார்கள்.

இப்படியே போயிருக்கும். ஆனால் நகராட்சிக்காரர்களுக்கு ஒருநாள் மூக்கு வேர்த்துவிட்டது. வளைவு நெடுக இரும்புத் தூண் நடப்போகிறோம், இனி ஒரு சைக்கிளைக்கூட அங்கே சாய்க்க முடியாது என்று அறிவித்தார்கள். நடைபாதையில் சிவப்புச் சாயத்தில் வட்டம் வட்டமாகக் குறியும் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். பெல்மிரோவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு புதன்.

அன்று அவர் சவரம் செய்துகொண்டு வந்தார். காரை நிறுத்தினார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே நீட்டிவிட்டார்.

"என்ன வாத்தியாரே, கல்யாணத்துக்கா?" என்றார் ஜெர்மானோ.

"வாய மூடிட்டு காபி போடு."

இன்றைக்கு அவளிடம் கூடுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்திருந்தார். நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தார். எல்லாமே நீளம். ஜன்னல் திறந்து மூடும் நேரத்துக்குள் எதுவும் அடங்காது.

டிராம் வந்தது. நின்றது. ஒராசியோ மணியை மிதித்தான். ஜன்னல்கள் திறந்தன. மூன்றாம் மாடி ஜன்னல் திறக்கவில்லை.

பெல்மிரோ தொப்பியைப் பிசைந்துகொண்டு அண்ணாந்து நின்றார். ஒராசியோ இன்னும் மிதித்தான். பின்னால் அடுத்த டிராமும் வந்து சேர்ந்துகொண்டு அதுவும் அடித்தது. இவோன் டைல்ஸைச் சொல்லி முடித்து, புருஷனைச் சொல்லி முடித்து, பூகம்பத்துக்கே திரும்பப் போய்விட்டாள். அந்த ஜன்னலில் திரைகூட அசையவில்லை.

"வாத்தியாரே, எடுங்க வாத்தியாரே!" ஒராசியோ தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க!"

"இன்னும் கொஞ்சம் அடிடா."

"கால் வலிக்குது!"

"அந்தக் காலத்துலயே உனக்குக் கால் பலம் பத்தாது. அடி."

உள்ளே விழுந்து கிடக்கிறாளோ? இல்லை, ஒரேயடியாக வெறுத்துவிட்டாளோ? இரண்டாவது பரவாயில்லை என்று நினைத்தார். வாசலுக்கு ஓடி அழைப்புமணியை அழுத்தினார். பதில் இல்லை. திரும்ப ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்.

அதற்குள் டிராமிலிருந்து ஆண்கள் இறங்கிவிட்டார்கள். குறுக்கே நிற்கும் காரை நாலு பேர் சேர்ந்து குலுக்கித் தூக்கி ஓரமாக வைப்பது லிஸ்பனில் புதுசில்லை, அவசரத்துக்குப் பாதிரியார்கூடக் கைகொடுப்பார். வாத்தியார் காரில் மட்டும் இதுவரை யாரும் கை வைத்ததில்லை. இன்று ஒரு பிரேசில்காரர் சட்டைக்கையை மடித்தார்.

"என் வண்டியத் தொடாதீங்க!" என்று பெல்மிரோ பின்பக்கத்தை மறித்து நின்றார். கண் அப்போதும் மேலேதான்.

"அங்க என்னய்யா பாக்குற? நான் இங்க நிக்கிறேன்."

குரல் மேலேயிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. டிராமின் பின்படியில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் பிதுங்கும் பையோடு லுசிண்டா நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறாள். கடைசி வரிசையில், படம் எடுக்கும் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒராசியோவின் மணிச் சத்தத்தில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள்.

பெல்மிரோ தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றாகக் காலி.

"நீ... நீ எங்க போயிருந்த?"

"டாக்டர்கிட்ட. முழங்கால் மடங்க மாட்டேங்குது. இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்னுட்டாங்க."

"சொல்லியிருந்தா நான் கார்ல..."

"உன்கூட கார்ல ஒருதரம் ஆஸ்பத்திரிக்குப் போனது போதும்யா." அவள் ஒவ்வொரு படியாக, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். "வலியோட வரேன். வீட்டு வாசல் கண்ணுல தெரியுது. வந்து சேர முடியல. என்னன்னு எட்டிப் பாத்தா, நீ. அன்னிக்கும் உன்னால தனியா உக்காந்திருந்தேன், இன்னிக்கும் உன்னால தனியா உக்காந்திருந்தேன்."

ஒராசியோ காலை எடுத்துவிட்டான். மணி நின்றது. பின்னால் வந்த டிராமும் எதற்கோ நிறுத்திவிட்டது.

"இதோ, இதோ எடுத்துடுறேன்" என்று பெல்மிரோ பதறிப்போய்ச் சாவியைத் தேடினார். "நீ போய்க்கிட்டே இரு, வண்டிய ஒழுங்கா ஒரு எடத்துல..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். லுசிண்டா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவர் பயந்துபோனார்.

சாவியைக் கார் கூரைமேல் வைத்தார். போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். வாசலைப் பார்த்து நடந்தார்.

"வாத்தியாரே! வண்டி?" என்று ஒராசியோ அலறினான்.

"கெடக்கட்டும்."

"கெடக்கட்டுமா? உள்ள முப்பது பேர் இருக்காங்க!"

லுசிண்டா திரும்பாமலே சொன்னாள். "ஏன், அவங்களுக்குக் கால் இல்லையா?"

இவோன் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் இறங்கலாம்" என்றாள். "நடை இன்னிக்கு இங்கேர்ந்தே ஆரம்பிக்குது." சனங்கள் இறங்கினார்கள். ஒரு அம்மாள் அடுத்த நிறுத்தத்துக்கும் சேர்த்துக் கொடுத்த காசு என்ன ஆவது என்று கேட்டாள்.

மாடிப்படி மரப்படி, ஒடுக்கம், வெளிச்சம் குறைவு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஏற முடியாது. லுசிண்டா கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை வைத்து, மறுகாலை இழுத்து, முன்னால் ஏறினாள். பெல்மிரோ பையோடு பின்னால் ஏறினார். வெளியே கார் எஞ்சின் உறுமியது. ஒராசியோ பின்னோக்கி எடுக்கிறான் போலிருக்கிறது, கியர் கடகடவென்று அரைபட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் பெல்மிரோ அந்தச் சத்தத்துக்கு ஓடிப்போயிருப்பார். இப்போது அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள். அவரும் இரண்டு படி கீழே நின்றார். முகம் பார்க்க வேண்டியிராத இடம் என்பதால் வாய் வந்தது.

"அன்னிக்கு எடம் இருந்துச்சு லுசிண்டா."

அவள் வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்லயே. காலியாத்தான் இருந்துச்சு. மஞ்சக் கோடு போட்டிருந்துச்சு, அதான் நான்... ஆம்புலன்ஸ் வந்தா தடங்கலாயிடுமேன்னு... இல்ல, அதெல்லாம்கூட நெனைக்கல. மஞ்சக் கோடு, அவ்வளவுதான். அபராதத்துக்குப் பயந்துட்டேன். எடம் கெடைக்கலன்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

பையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கு நழுவி விழுந்து, படிப்படியாக இறங்கி வாசல்வரை போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள் லுசிண்டா.

"தெரியுமா?"

"நான் கார்லேர்ந்து எறங்கினதே அந்த எடத்துலதானேய்யா."

பதினோரு வருடம் அவள் அதை வைத்துக்கொண்டிருந்தாள். பெல்மிரோ சுவரில் சாய்ந்து, கிழங்குப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார். அவர் அழுது முடிக்கட்டும் என்று லுசிண்டா விட்டாள். பிறகு கையைப் பின்னால் நீட்டினாள்.

"ஏறுறியா, இல்ல இங்கயும் எடம் தேடுறியா?"