தறியில் சிக்கிய வஞ்சிரம்

இன்றும் மீன்கார அக்கா எங்கள் வாசலில் ஹாரன் அடிக்காமல் போனார்.

பிள்ளையார்பாளையத்துக்குக் குடிவந்ததிலிருந்து இதே கதைதான். ஓடிப்போய் ஸ்கூட்டியை மறித்தேன். ஐஸ் பெட்டியில் கல்பாக்கத்து வஞ்சிரம் பளபளத்தது.

"ஏன்க்கா எனக்கு மட்டும் தரமாட்டேங்கறீங்க?"

"உன் பக்கத்து வூட்டு தறியில கல்யாணப் புடவை இருக்குதும்மா. நீ மீன் வறுத்தா வாசனை பட்டுல ஏறிடும்னு அந்த அண்ணன் என்னாண்ட சண்டைக்கு வராரு. நெய்து முடிச்சு புடவையைத் தறியிலேருந்து அறுத்து எடுத்ததும் நானே வரேன்."

நேராகப் பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

"புடவை எதுவரைக்கும் வந்திருக்குதுண்ணா?"

"உடம்பு முடிஞ்சிடுச்சும்மா. முந்தானைதான் பாக்கி," என்றார் தலை நிமிராமல்.

முந்தானை நெய்ய எத்தனை நாளாகும்? நெசவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்யாணப் பெண்ணைவிட எனக்குத்தான் அவசரம்.