ஆடாத காந்தாரம்

பாசலிலிருந்து இன்டர்லாக்கனுக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலம். நூற்றைம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே. நேராகப் போகிற வண்டி இருக்கிறது, பேர்ணில் இறங்கி ஓடத் தேவையில்லை. அரைக்கட்டண அட்டை வைத்திருந்தால் ஓராளுக்கு முப்பது பிராங்குக்குக் கொஞ்சம் கூட வரும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னிடம் வழியும் விலையும் கேட்டுப் பிரயோசனமில்லை. அந்தச் சனிக்கிழமை முழுக்க என் தலைக்குள் இருந்தது ஒரேயொரு சுரம்தான்.

விசயம் இதுதான். நான் சுவிஸில், பாசல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு பாடற்குழுவில் பாடுகிறேன். நாற்பது பேரில் தமிழ் முகம் என்னுடையது மட்டும். அன்று பின்னேரம் இன்டர்லாக்கனில் ஒரு தேவாலயத்தில் எங்கள் நிகழ்ச்சி. கடைசிப் பாட்டு, மாலை வெளிச்சம் மங்குவதைப் பற்றிய பழைய ஜேர்மன் பாட்டு. எல்லாக் குரல்களும் ஆளுக்கொரு சுரத்தில் போய் நின்று, மெல்ல மெல்ல அடங்கி முடியும். எங்கள் வரிசைக்கு அதில் காந்தாரம், அதாவது சரிகமவில் மூன்றாவது சுரம். அடிமட்டம் வைத்துக் கீறின கோடு மாதிரி அது நிற்கவேண்டும். என்னுடையதோ யாழ்ப்பாணத்தில் தோடி ராகத்தில் ஊறிய தொண்டை. காந்தாரத்தைத் தொட்டால் அது தன்பாட்டில் ஆடும். கமகம் என்கிற அந்த ஆட்டம் இல்லாத காந்தாரம் எங்களுக்கு உப்பில்லாக் கஞ்சி அல்லவா?

எங்களை நடத்துகிறவ ஒரு டிரிகென்டின், அதாவது கையால் காற்றைப் பிசைந்து நாற்பது பேரையும் பாடவைக்கிற பெண்மணி. போன செவ்வாய் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னா: "சனிக்கிழமை ஒத்திகையிலும் அது ஆடினால், அந்தக் கடைசிச் சுரத்துக்கு வாயை மட்டும் திறந்தபடி நில்லுங்கள். சத்தம் வேண்டாம்." அன்பாகத்தான் சொன்னா. அன்பாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது. சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூட நான் என்ன கண்ணாடித் தொட்டி மீனா? பாடியே தீருவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

காலை ஒன்பதுக்குச் சற்று முன்னே வண்டி ஏறினோம். கூட வந்தவர் என்னவர். பாசலில் டிராம் ஓட்டுகிறார், அன்று அவருக்கு ஓய்வு. ஓல்டன் தாண்டும்போது நிகழ்ச்சித் தாளை எடுத்து மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"ரொமான்டிக் காலத்து இசை எண்டு போட்டிருக்கு. காதல் பாட்டுகளோ?"

"காதலும் இருக்கும். ஆனால் அது ஒரு காலத்தின்ரை பேர். போன நூற்றாண்டுக்கு முதல் நூற்றாண்டு. மலை, புயல், தனிமை, ஏக்கம், மனசிலை வந்ததையெல்லாம் அடக்காமல் பாட்டாக் கொட்டினவையள்."

"அடக்காமல் கொட்டுற ஆக்களின்ரை பாட்டுக்கு உம்மை அடக்கச் சொல்லினமோ?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நேரத்தில் நியாயம் எனக்கு உதவாது. "கதைக்காமல் றோல்ஸைச் சாப்பிடுங்கோ" என்றேன்.

அந்தக் காலத்து இசையமைப்பாளர்களுக்கு சுவிஸ் என்றால் ஒரு பைத்தியம். பெயர்களை எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கு எழுத்துப் பிழை வரும், உங்களுக்குப் பல்லுடையும். ஒருவர் இந்த மலைகளைக் கால்நடையாகச் சுற்றி, பாட்டு எழுதுகிற கையால் படமும் கீறினார். இன்னொருவர் லுசேர்ண் வாவிக்கரையில் குடியிருந்து, மனைவியின் பிறந்தநாளன்று விடியக்காலை வாத்தியக்காரரை மாடிப்படியில் நிறுத்தி, புது இசையால் அவவை எழுப்பினார். "கேட்டியளோ?" என்றேன் என்னவரிடம். "எங்கடை வீட்டுப் படியிலை வாத்தியம் வாசிச்சால் கீழ்வீட்டுக்காரன் பொலிசுக்குப் போன் அடிப்பான்" என்றார்.

பத்து மணிக்குச் சற்று முன்னே பேர்ண். இங்கே வண்டி நிற்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம், அது பழக்கம். அகதியாக வந்த காலத்தில் எங்கள் விதி இந்த ஊர் அகதி அலுவலகத்தில்தான் இருந்தது. ஏழு வருசம் தபால்காரனைக் கண்டால் படியிறங்கி ஓடுவோம். கடைசியில் ஒருநாள் நாங்கள் இந்த நாட்டில் இருக்கலாம் என்று முடிவு வந்தது. "ப்ளைபன்" என்பது சொல். இருப்பது, தங்குவது, நிற்பது, எல்லாம் அதுதான். நான் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், முதன்முதல் முழுசாக விளங்கிக்கொண்ட சொல்லும் அதுதான்.

தூண் வாவி வந்ததும் மனம் கொஞ்சம் இளகியது. பச்சையும் இல்லாத நீலமும் இல்லாத தண்ணீர், அதற்கு மேலே பனி. சும்மா சொல்லக்கூடாது, வடிவு. ஆனால் வடிவைப் பார்த்தால் தொண்டை திருந்துமா? கண்ணை மூடிக்கொண்டு மெல்லக் காந்தாரத்தைப் பிடித்தேன். ஆடியது. மறுபடி பிடித்தேன். மறுபடி ஆடியது. எதிர்ப்பக்கம் இருந்த சீனப் பிள்ளைகள் இரண்டு பேர் இடம் மாறி இருந்தார்கள்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று தொடங்கினார் என்னவர். "உமக்கு அதுக்கு எதிர்மாறு. ஆடாமல் இருக்கத் தெரியேல்லை."

பதினொன்றுக்கு முன்னமே இன்டர்லாக்கன் வெஸ்ற் நிலையத்தில் இறங்கினோம். பத்து நிமிச நடையில் ஒரு பெரிய புல்வெளி, நேரே எதிரே யுங்ஃப்ராவ் மலை, வானத்திலிருந்து பரசூட்டில் வந்து இறங்குகிற மனிதர்கள். புல்வெளி ஓரத்தில் ஒருவர் அல்ப்ஹோர்ன் ஊதிக்கொண்டிருந்தார். ஆளைவிட இரண்டு மடங்கு நீளமான மரக்குழல், நுனி நிலத்தில் கிடக்கும். அதில் ஒரு சுரம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மத்திமம்தான், ஆனால் சுத்த மத்திமமும் இல்லை, பிரதி மத்திமமும் இல்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறது.

அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, "அந்தச் சுரம் ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

சிரித்தார். "இதில் துளை இல்லையே அம்மா. குழல் எதைத் தருகிறதோ, அதைத்தான் ஊதலாம்."

இதே மாதிரிக் குழலை ஒரு மேய்ப்பன் ஊதக் கேட்டுத்தான் அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் அந்த மெட்டை எழுதிவைத்தார், பிறகு தன் சிம்பொனிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார் என்று எங்கள் டிரிகென்டின் சொல்லியிருக்கிறா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழலின் கோணல் மத்திமத்துக்கு சிம்பொனியில் இடம், என் காந்தாரத்துக்கு வாய்ப்பூட்டா?

அங்கே கிடந்த மர வாங்கில் குந்தினோம். பாட்டின் ஆதார சுருதி, மேற்கத்தியச் சுரக் கணக்கில், ஈ. என்னவரின் போனில் சுருதிப்பெட்டி இருக்கிறது, கோயில் பஜனைக்காக இறக்கியது. "ஈ-யிலை போடுங்கோ" என்றேன். அல்ப்ஹோர்ன்காரர் திரும்பவும் முழங்கத் தொடங்கியிருந்தார். என்னவர் தலையாட்டிக்கொண்டு எதையோ அழுத்தினார். போனைக் காதோடு வைத்தேன், ஒத்திகைகளில் பழகிய உயரத்திலேயே பாடவேண்டிய சுரத்தைப் பிடித்தேன். நின்றது. அசையாமல் நின்றது. மூச்சு முடியும்வரை நின்றது.

என்னவர் வாயைப் பிளந்தபடி பார்த்தார். "எணேய், ஆடேல்லை!"

போனைப் பறித்துப் பார்த்தேன். "இதென்ன, ஜி-யிலை கிடக்குது? நான் ஈ எண்டெல்லோ சொன்னன்!"

"ஜி எண்டுதானே கேட்டது. இந்தாள் ஊதுற சத்தத்திலை எனக்கென்ன தெரியும்?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். ஈ-யைச் சா என்று வைத்தால் நான் பாடவேண்டிய காந்தாரமே அந்த ஜி-தான். அவர் பிழையாக அதையே ஆதார சுருதியாகப் போட்டுவிட்டார். என் தொண்டைக்கு அது காந்தாரம் இல்லை, சட்ஜமம், அதாவது சா. காந்தாரம் ஆடும். சட்ஜமத்தை ஆட்டுகிறவள் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. சங்கீதம் படித்த நாள்முதல் என் சா ஒருநாளும் அசைந்ததில்லை. சந்தோசத்தில் அந்தப் புல்வெளியில் நாலு பேர் பார்க்க அவரின் காதைப் பிடித்துத் திருகினேன்.

இரண்டு மணிக்கு ஒத்திகை. டிரிகென்டின் கடிகாரத்தைப் பார்த்தபடி என்னருகே வந்து, "நேரம் குறைவு. கடைசிச் சுரத்துக்கு நீங்கள் பேசாமல் நின்றுவிடுங்கள்" என்றா.

"இல்லை" என்றேன். "ஆடினால் என்று சொன்னீர்கள். ஆடுகிறதா என்று முதலில் கேளுங்கள்."

இந்த ஊரில் வேலைத்தலத்தில்கூட நான் இப்படி ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. டிரிகென்டின் என்னைப் பார்த்தா, பிறகு கையைத் தூக்கினா. மற்ற வரிசைகள் மெல்லத் தங்கள் சுரங்களில் போய் நின்றன. எங்கள் வரிசையில் நான் தனியே. காதுக்குள் ஜி-யைச் சுருதிப்பெட்டியாக வைத்தேன். அந்தப் பெரிய மனிதர்களின் இசை முழுக்க என்னைச் சுற்றி வேறு கணக்கில் நிற்கட்டும், எனக்கு இது சா. பாடினேன். சத்தம் ஒடுங்கி, நூலாகி, கல்சுவரில் கரையும்வரை அது நேராக நின்றது.

டிரிகென்டின் கையை இறக்கவில்லை. "ஸீ ப்ளைபன்" என்றா மெல்ல.

நீங்கள் நில்லுங்கள். நீங்கள் இருங்கள். பின்வரிசை வாங்கில் இருந்த என்னவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டுத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் சுருதி போய்விடும் என்று அடக்கிக்கொண்டேன்.

நிகழ்ச்சி நன்றாக நடந்தது, சனம் எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் ஊர்க் கச்சேரியில் நல்ல காந்தாரம் விழுந்தால் முன்வரிசை அந்த இடத்திலேயே "ஆகா" என்னும். இங்கே கடைசிச் சுரம் அடங்கியபின்னும் கொஞ்ச நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதீர்கள்.

திரும்பும்போது வண்டி மறுபடி பேர்ணில் நின்றது. இந்த முறை என்னவர் பேச்சை நிறுத்தவில்லை.

"முதல்தரம் அந்தச் சொல்லைச் சொல்ல இவங்களுக்கு ஏழு வருசம் எடுத்தது. இண்டைக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது, என்ன?"

"ஓம்" என்றேன். பிறகு சன்னலில் தலையைச் சாய்த்து, வாய்க்குள் மெல்ல ஜி-யைப் பிடித்தேன். வண்டி ஆடியது. அது ஆடவில்லை.